நுளம்பின் ஆயுட் கணக்கு

வீட்டிலே குழந்தை சோர்ந்து படுத்துவிட்டால், தாயின் கை தானாகவே அதன் நெற்றிக்குச் செல்கிறது. சூடு கண்டால் கொத்தமல்லி அவிகிறது. மறுநாளும் சூடு தணியாவிடின் வைத்தியரிடம் ஓடுகிறோம். ஒரு குழந்தையின் காய்ச்சலை அறிந்துகொள்ள ஒரு கை போதும். ஏறக்குறைய ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த ஒரு தீவுக்கே காய்ச்சல் கண்டபொழுது, அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எந்தக் கை இருந்தது?

1934ஆம் ஆண்டில் இலங்கைக்கு நேர்ந்தது அதுவே. அவ்வாண்டு தென்மேற்பருவ மழை பொய்த்தது. என்றும் வற்றாது ஓடும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் நீரோட்டம் அற்றுப் போயின. ஆற்றுப் படுக்கையில் மணலுக்கும் பாறைக்கும் இடையே தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. வயல்கள் விளையவில்லை. ஒக்டோபர் மாதமளவில் கேகாலை, குருநாகல் பகுதிகளிலுள்ள மருந்துச் சாலைகளின் வாசலில், கொளுத்தும் வெயிலிலும் குளிரால் நடுங்கியபடி மக்கள் கூடத் தொடங்கினர். திசெம்பரில் வீட்டுக்கு வீடு படுக்கையாயிற்று. ஒருவருக்கு ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லாத கிராமங்கள் இருந்தன. 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பதினைந்து இலட்சம் பேர் வரையில் மலேரியாக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். 80,000 பேர் வரையில் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் குழந்தைகள்.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. மலேரியா இலங்கைக்குப் புதியதன்று. முறைக்காய்ச்சல் என்று எங்கள் முன்னோர் அதனை நன்கு அறிந்திருந்தனர். வன்னியும் அநுராதபுரமும் அதன் பழைய இருப்பிடங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் சிறுவயது தொட்டு அந்நோயோடு போராடி, மண்ணீரல் பருத்து, ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் பெற்றிருந்தனர். மழை மிகுந்த மேற்குப் பகுதியோ காய்ச்சலுக்கு அஞ்சாத பகுதி எனக் கருதப்பட்டு வந்தது. 1934இல் நோய் பேரழிவு செய்தது வன்னியில் அன்று. அந்த அஞ்சாத பகுதியிலேதான். மழை பெய்தால் நுளம்பு பெருகும் என்பது பாட்டி சொன்ன பாடம். மழை பெய்யாமற் போனமையாற் பெருகிய நுளம்பு இது!

அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பே இலங்கையில் மலேரியாவைப் பரப்புவது என்பதை, கார்ட்டர் என்னும் பூச்சியியல் அறிஞர் முன்னரே காட்டியிருந்தார். இந்நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீரிலே முட்டையிடுவது அதன் இயல்பு. ஆறு நிறைந்து ஓடும் காலத்தில் அதன் குடம்பிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். ஆறு குட்டைகளாகப் பிரிந்த காலத்தில் ஆற்றங்கரை முழுவதுமே அதற்குத் தொட்டிலாயிற்று. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் நல்ல மழை பெய்து நோய் குறைந்திருந்தமையால், பிள்ளைகளின் உடலில் எதிர்ப்பும் இல்லை. விளைச்சல் இன்மையால் வயிற்றில் உணவும் இல்லை. மழை, ஆறு, நுளம்பு, உடல், நெல், காசு என ஆறு கண்ணிகள் கோத்த சங்கிலி இது. வைத்தியர் ஆறாவதாக வந்து நின்றவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். முதலாவது கண்ணியைப் பார்ப்பதற்கு எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

பஞ்சாப்பின் பாடம்

பார்ப்பதற்கு ஆள் நியமித்த நாடு ஒன்று அக்காலத்திலேயே இருந்தது. 1908ஆம் ஆண்டில் பஞ்சாப்பில் மலேரியா பொங்கியெழுந்து மூன்று இலட்சம் பேர் வரையிற் கொன்றது. அமிர்தசரஸ் நகரம் சுடுகாடாயிற்று எனலாம். அதனை ஆராய்ந்த கிறிஸ்தோபர்ஸ் என்னும் வைத்திய அதிகாரி நுண்காட்டியோடு மட்டும் நின்றுவிடவில்லை. பல ஆண்டுகளின் மரணப் பதிவேடுகளை எடுத்தார். மழை அளவுகளை எடுத்தார். சந்தையிலே தானியம் விற்ற விலையையும் எடுத்தார். மூன்றையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கினார். தானியம் விலையேறி மக்கள் பசித்திருந்த ஆண்டில் பெருமழையும் சேர்ந்தால், இலையுதிர் காலத்திற் கொள்ளைக் காய்ச்சல் வரும் என்பது அவ்வேடுகளிலிருந்து புலனாயிற்று. 1911இல் அவர் அதனை அறிக்கையாக வெளியிட்டார். பின்னர் கில் என்னும் அதிகாரி அதே வழியில் மழையையும் தானிய விலையையும் பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தையும் கொண்டு, எந்த மாவட்டத்தில் அவ்வாண்டு காய்ச்சல் பெருகும் என முன்கூட்டியே கூறும் முறையொன்றை ஆக்கினார். மழை மானியையும் கடைக்காரனின் விலைப் பட்டியலையும் வைத்தியக் கருவிகளாக்கிய இவர்களை எண்ணும்போது எனக்கு மரியாதை உண்டாகிறது.

1934ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஆராயும்படி இலங்கைக்கு அழைக்கப்பட்டவரும் இந்தக் கில் அவர்களே. அவர் வந்தபோது இறந்தவர்கள் இறந்தாயிற்று. அன்றியும், பஞ்சாப்பிற் காய்ச்சலைக் கொணர்வது பெருமழை; இங்கே கொணர்ந்தது மழையின்மை. ஓரிடத்துக் கணக்கை அப்படியே தூக்கி வந்து இன்னோரிடத்தில் வைத்தால் அது தலைகீழாய் நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. கணக்கு எழுதுபவன் ஊரின் ஆற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நோயை எண்களால் எடைபோடும் இந்தக் கலையைத் தொடக்கி வைத்தவருள் முதல்வர் சேர் றொனால்ட் றொஸ். 1857இல் இந்தியாவின் அல்மோறாவிற் பிறந்தவர். கவிதையும் நாவலும் எழுதியவர், கணிதத்திற் பைத்தியங் கொண்டவர், சண்டைக்குச் சளைக்காதவர். 1897 ஓகஸ்ட் 20ஆந் தேதி செக்கந்தராபாத்தில், நுளம்பின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர் அவர்தாம். அதற்காக 1902இல் நோபெல் பரிசு பெற்றார். அப்பால் அவர் சொன்னது எளிய வார்த்தை: நுளம்பைக் குறையுங்கள், நோய் ஒழியும். உலகம் சிரித்தது. லாகூருக்கு அருகே மியான் மீர் என்னும் படை முகாமில் வாய்க்கால்களைத் தூர்த்துப் பார்த்தனர்; நுளம்புகள் ஒழியவில்லை. ‘காற்றிலே பறந்துவரும் பூச்சியைக் கடைசி ஒன்று வரை எவன் கொல்வான்?’ என்பது எதிர்ப்பாளரின் கேள்வி.

றொஸ் அதற்குக் கோபத்தாலும் பதில் சொன்னார், கணிதத்தாலும் சொன்னார். கோபம் மறைந்துவிட்டது, கணிதம் நிலைத்துவிட்டது. மொரிசியஸ் தீவிற் காய்ச்சலை ஆராய்ந்து அவர் 1908இல் எழுதிய அறிக்கையிலே அது இருக்கிறது. ஒரு நோயாளியிடமிருந்து நோய் இன்னொருவருக்குச் செல்ல வேண்டுமாயின் என்னென்ன நிகழ வேண்டும்? ஒரு நுளம்பு அவரைத் தேடிக் கடிக்க வேண்டும். கடித்தபின், கிருமி அதன் உடலில் முற்றும் வரை அது சாகாதிருக்க வேண்டும். பிறகு அது நோயற்ற ஒருவரைக் கடிக்க வேண்டும். இவ்வளவும் நிகழ்வது அருமையிலும் அருமை. ஆகவே ஊரில் நுளம்பு குறைவாயின், நோயாளி தம் நோயை ஒருவருக்கேனும் கொடுக்குமுன்னர்க் குணமடைந்துவிடுவார். நுளம்புக்கு ஓர் எல்லைத் தொகையுண்டு. அதற்கு மேலே போனால் நோய் வளரும், கீழே வந்தால் நோய் தானாகவே தேயும். கடைசி நுளம்பு வரை கொல்ல வேண்டியதில்லை! தீக்குச்சியைப் பற்றவைக்க ஒரு பொறி போதும். ஆனால் விறகுகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்திற் கிடந்தால் ஒன்று எரிந்து மற்றது எரியாது.

றொஸ் 1901இல் மேற்காபிரிக்காவிலுள்ள சியராலியோனுக்குச் சென்றபோது உடன் சென்ற இளம் வைத்தியர் மக்கென்றிக். பிற்காலத்தில் அவர் எடின்பரோ நகரில் கேர்மாக் என்னும் இரசாயன அறிஞரோடு கூடினார். கேர்மாக் 1924இல் ஆய்வுகூட விபத்தொன்றிற் கண்ணொளி முழுவதையும் இழந்தவர். அந்நிலையிலும் மனத்துக்குள்ளேயே சமன்பாடுகளை நடத்திய அவரும் மக்கென்றிக்கும் 1927இல் வெளியிட்ட ஆராய்ச்சிதான், இன்று உலகெங்கும் கொள்ளைநோய்க் கணிப்புகளுக்கெல்லாம் அடிப்படையாயுள்ளது. ஊரிலுள்ள எல்லோரும் நோயுற்ற பின்னரே கொள்ளைநோய் ஓயும் என்பது தவறு. நோய்க்கு இரையாகக்கூடியவர்களின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் அது ஓயத் தொடங்குகிறது என அவர்கள் நிறுவினர். றொஸ் நுளம்புக்குச் சொன்ன எல்லை, மனிதருக்கும் உண்டு என்றவாறு.

பத்து நாள்

இக்கணக்கின் உள்ளே ஒளிந்திருந்த ஓர் இரகசியத்தை வெளிப்படுத்தியவர், லண்டனில் றொஸின் பெயரால் அமைந்த நிலையத்துக்குப் பணிப்பாளராயிருந்த ஜோர்ஜ் மக்டொனால்ட். மலேரியாப் பற்றிய அவருடைய பெருநூல் 1957இல் வெளிவந்தது. அவர் நுளம்பின் தொகையைவிட அதன் வயதையே பெரிதாகக் கருதினார்.

நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பிவிடாது. கிருமி அதன் உடலில் வளர்ந்து முற்றுவதற்கு ஏறக்குறையப் பத்து நாட்களாவது செல்லும். நுளம்போ அற்பாயுள் உடையது. இங்கே வீட்டுக் கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு நூறு நுளம்புகளில் தொண்ணூறு பிழைக்கின்றன என வைத்துக்கொள்வோம். பத்து நாட் கழிந்தபின் எஞ்சுவன முப்பத்தைந்து. நாளொன்றுக்கு எண்பது பிழைத்தால், பத்தாம் நாளில் எஞ்சுவன பதினொன்று மட்டுமே. எழுபது பிழைத்தால் மூன்று கூட இல்லை. பாதிக்குப் பாதி பிழைத்தாலோ, ஆயிரம் நுளம்பில் ஒன்றே பத்தாம் நாளைக் காணும். பாடசாலைப் பிள்ளை பெருக்கிப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஆயின் இதன் பொருள் பெரிது. நுளம்பின் தொகையைப் பாதியாக்கினால் நோய் பரவும் வேகம் பாதியாகும், அவ்வளவே. நாளாந்தம் அது பிழைத்திருக்கும் வாய்ப்பைச் சிறிது குறைத்தாலோ, பரவல் பத்திலொன்றாகும், நூறிலொன்றாகும். நாம் கொல்ல வேண்டியது எல்லா நுளம்பையும் அன்று. கிழட்டு நுளம்பை மட்டுமே.

கிழட்டு நுளம்பை எங்கே தேடுவது? அது தானாகவே வந்து அகப்படும். வயிறு முட்ட இரத்தங் குடித்த நுளம்பு உடல் பாரத்தால் வெகு தூரம் பறப்பதில்லை. பக்கத்துச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை அது கடிக்க வருமாயின், பத்து நாளில் நாலைந்து தரம் சுவரில் அமர்ந்தே தீரும். அச்சுவரிற் பல மாதம் நிலைக்கும் மருந்தைப் பூசிவிட்டால் காரியம் முடிந்தது. ஆற்றங்கரைக் குட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடியலைவதிலும் இது எளிது.

இலங்கையிற் செய்கை முந்திக்கொண்டது. அதற்கான கணிதம் பின்னரே வந்தது. உலகப் போர் முடிந்த கையோடு, 1946ஆம் ஆண்டையடுத்து டி.டி.ரி. மருந்து தீவெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கப்பட்டது. 1946இல் இருபத்தேழு இலட்சம் பேருக்கு மேல் மலேரியாவுக்குச் சிகிச்சை பெற்ற நாடு இது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் எத்தனை பேர் தெரியுமா? பதினேழு. பதினேழாயிரம் அன்று, வெறும் பதினேழு பேர். உலகம் இலங்கையைக் கைகாட்டிப் புகழ்ந்தது.

பதினேழு

அந்தப் பதினேழைப் பற்றி இனிச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில் எங்கள் நாடு ஏமாந்தது அந்த எண்ணிலேதான்.

பதினேழு நோயாளர் ஒவ்வொருவரும் தம் நோயைச் சராசரி அரைப் பேருக்கே கொடுக்கிறார் எனக் கொள்வோம். அடுத்த சுற்றில் எட்டொன்பது பேர், அதற்கடுத்து நாலு, பிறகு இரண்டு, நோய் மாய்ந்துவிடும். அதே பதினேழு பேர் ஒவ்வொருவரும் மும்மூன்று பேருக்குக் கொடுக்கிறார் எனக் கொள்வோம். அடுத்த சுற்றில் ஐம்பத்தொரு பேர். ஆறாவது சுற்றிற் பன்னீராயிரத்துக்கு மேல். ஒன்பதாவது சுற்றில் மூன்று இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேல். ஒரு சுற்றுக்கு ஒரு மாதமளவு செல்லுமாயின் ஓராண்டும் வேண்டியதில்லை. இரண்டு கணக்கும் தொடங்குவது ஒரே பதினேழில். ஆகவே, பதினேழு என்ற எண் நாடு தப்பிவிட்டதா அல்லவா என்பதைச் சொல்லவே மாட்டாது. அதனைச் சொல்லும் எண் வேறு: ஒருவர் எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பது. மக்டொனால்ட் தம் சமன்பாடுகளைக் கட்டியெழுப்பியது இந்த எண்ணைச் சுற்றியேயாகும்.

சுவரில் மருந்து இருந்தவரை அந்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தது. பதினேழைக் கண்டு மனங்குளிர்ந்து 1964ஆம் ஆண்டளவில் மருந்தடிப்பது பெரும்பாலும் நிறுத்தப்பட்டபோது, அது மறுபடியும் ஒன்றுக்கு மேலே ஏறிவிட்டது. ஆற்றில் நுளம்பு அப்படியே இருந்தது. நோயறியாது வளர்ந்த ஒரு தலைமுறையும் இருந்தது. மழை குறைந்து ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. எலகரைப் பகுதியில் மாணிக்கம் தேடித் தோண்டிய குழிகளில் நீர் தேங்கிற்று. பல ஊர்களிலிருந்தும் அங்கே கூடிய தொழிலாளர், திரும்பும்போது காய்ச்சலையும் இரத்தத்தில் ஏந்திச் சென்றனர். 1967இல் நோய் தலைகாட்டிற்று. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பெரும்பாலும் உயிர்கொல்லாத வகைக் கிருமியாயிருந்தமையாலும் நல்ல மருந்துகள் இருந்தமையாலும், 1934இல் நிகழ்ந்த மரணப் பெருக்கு நிகழவில்லை என்பதே ஆறுதல்.

பறவைகளுக்காகப் பரிந்து அமெரிக்க அறிஞர் றேச்சல் கார்சன் 1962இல் எழுதிய ‘மௌன வசந்தம்’ என்னும் நூலைக் கண்டு பயந்தே இலங்கை டி.டி.ரி.யைக் கைவிட்டது என்றொரு கதை மேல்நாடுகளில் உலாவுகிறது. அது வெறுங் கதை. நோயற்றது என்று எண்ணியதால் நிறுத்தினார்கள். நோய் திரும்பியதும் அதே மருந்தை மறுபடியும் அடித்தார்கள். அதற்குள் நுளம்பு அம்மருந்தைத் தாங்கப் பழகிவிட்டமையால், 1977ஆம் ஆண்டளவில் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

எந்திரங்களையும் மின்சார வலைகளையும் அமைக்கும் பொறியியலாளர் இதனை வேறொரு கண்ணாற் பார்ப்பர். உறுப்புகளைத் தனித்தனியே பாராது, ஒன்றன் அசைவு மற்றொன்றை எவ்வாறு அசைக்கிறது என முழுவதையும் ஒரு தொகுதியாகக் காண்பது அவர்தம் கலை. அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, ‘செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது?’ என்பதாம். கொதிகலனில் ஆவி மிகுவதை அரை மணி பிந்திக் காட்டும் மானி, வெடித்த பின்னரே சரியான அளவைக் காட்டும். நோய்க்கும் இதுவே விதி. காய்ச்சற்காரர் வைத்தியசாலைக்கு வர மூன்று நாள். விரலிற் குத்தி எடுத்த இரத்தத் துளி கண்ணாடித் தகட்டில் ஆய்வுகூடம் சேர ஒரு வாரம். அதைப் பார்க்க ஆளின்றித் தகடுகள் அடுக்கடுக்காய்க் கிடக்கப் பல வாரம். முடிவு தலைமைக் காரியாலயத்துக்குப் போய், உத்தரவாக ஊருக்குத் திரும்ப இன்னும் சில வாரம். நுளம்புக்கு வேண்டியதோ பத்தே நாள். அது ஒரு சுற்றை முடித்து அடுத்த சுற்றைத் தொடங்கிய பின்னர் எங்கள் கையில் வந்து சேரும் எண், சரித்திர ஆசிரியருக்குப் பயன்படலாம்; நோயாளிக்குப் பயன்படாது.

நோய் பிறகு ஏறியும் இறங்கியும் வந்தது. 1999இல் இரண்டு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அது போர்க் காலம். வடக்கு, கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்து மரத்தடியிலும் கொட்டிலிலும் படுத்தனர். சுவரே இல்லாத இடத்திற் சுவருக்கு மருந்தடிப்பது எங்ஙனம்? அந்நாட்களில், மருந்தூட்டிய நுளம்பு வலைகள் பகிரப்பட்டன. நோயாளர் வரும்வரை காத்திராது, நடமாடும் வைத்தியக் குழுக்கள் கிராமங்களுக்கே சென்று இரத்தம் பார்த்தன. இரு தரப்பாரின் எல்லைகளையும் கடந்து சுகாதார ஊழியர் சென்று வந்தனர். துப்பாக்கிகளுக்கிடையே நுளம்பு வலையோடு நடந்த அவ்வூழியரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. நோயாளர் தொகை சுருங்கச் சுருங்க, முறையும் மாறிற்று. மாவட்டக் கூட்டுத்தொகை போதாதென்று விட்டு, ஒவ்வொரு நோயாளரையும் தனித்தனியே தேடி, எங்கே படுத்தார், எங்கே பயணஞ் செய்தார், பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என விசாரிக்கலாயினர். வீட்டைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் பரிசோதிக்கப்பட்டன. 2012 ஒக்டோபரிற் கண்டவரே உள்ளூரில் நோய் தொற்றிய கடைசி நோயாளர். 2016 செப்தெம்பர் 5ஆந் தேதி, மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று.

மன்னார்க் கிணறு

சான்று கிடைத்த அதே ஆண்டின் இறுதியில், மன்னாரிலே ஒரு புதிய நுளம்பு அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். இந்தியாவில், சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பிவரும் இனம் இது. இலங்கையில் அதற்கு முன்னர் எவரும் கண்டதில்லை. பழைய எதிரி ஆற்றங்கரையிற் பிறந்தது. இதுவோ கிணற்றிலும், மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டியிலும் பிறக்கும். வீட்டுக்கு வீடு கிணறுள்ள வடபகுதியில் இதற்கு மழையும் வேண்டியதில்லை, வறட்சியும் வேண்டியதில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலும் இது காணப்பட்டது.

இந்நுளம்பு என்ன செய்ய வல்லது என்பதற்கு ஆபிரிக்காவின் கடலோரச் சிறு நாடாகிய ஜிபூட்டி சாட்சி. 2012இல் அங்கே இவ்வினம் முதன்முறை காணப்பட்டது. அவ்வாண்டு அந்நாட்டில் மலேரியா நோயாளர் இருபத்தேழு பேர். 2020இல் எழுபத்து மூவாயிரத்துக்கு மேல். வேறு காரணங்களும் உண்டெனினும், பதினேழு எங்களுக்குக் கற்பித்த பாடத்தை இருபத்தேழு அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

இனி இலங்கையின் கணக்கைப் பார்ப்போம். நுளம்பு உண்டு, பழையதும் உண்டு, புதியதும் உண்டு. நோயெதிர்ப்பு இல்லாத மக்கள் உண்டு. ஏனெனில் இளையோர் மலேரியாவைக் கண்டதேயில்லை. இல்லாதது கிருமி ஒன்றே. அதுவும் ஆண்டுதோறும் விமானத்தில் வந்து இறங்குகிறது. இந்தியாவுக்கு யாத்திரை சென்று மீள்வோர், ஆபிரிக்காவில் மாணிக்க வியாபாரஞ் செய்து திரும்புவோர், அமைதிப் படைக்குச் சென்ற வீரர், வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் முதலியோரிடம் அது காணப்படுகிறது. மாணிக்கம் 1967இலும் காய்ச்சலோடு வந்தது, இன்றும் அவ்வாறே வருகிறது என்பது விந்தையே. 2018இல் மொனராகலைப் பகுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர் நுளம்பு ஒன்று கிருமியை ஏற்று இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. அது அந்த ஒருவரோடு நிறுத்தப்பட்டது. நாட்கணக்கிற் செய்தி சென்று, நாட்கணக்கில் ஆட்கள் ஊருக்குட் சென்றமையால் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு வெளியான அறிக்கைகளில் இது ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஒரு முழு இயக்கம் ஆண்டு முழுவதும் விழித்திருக்கிறது. நோய் இல்லையே, செலவு எதற்கு என வரவுசெலவுத் திட்டங்கள் எழுதப்படும்போது எவரேனும் கேட்கக்கூடிய இயக்கம் அது. 1964இலும் அவ்வாறு கேட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் பெரிய கணிப்பொறிகள் உண்டே, அவை எல்லாம் பார்த்துக்கொள்ளாவோ என்பாரும் உளர். 2017இல் இலங்கையை டெங்குக் காய்ச்சல் உலுக்கி, ஓர் இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் படுக்கையிற் கிடத்தியது. அதன்பின் மழையளவு, வெப்பநிலை, முந்திய வாரங்களின் நோயாளர் தொகை ஆகியவற்றைக் கொண்டு வரும் வாரங்களைக் கணிக்கும் முயற்சிகள் முனைப்பாக நடைபெறுகின்றன. கிறிஸ்தோபர்ஸ் விலைப் பட்டியலும் மழைப் பதிவும் வைத்து மாதக்கணக்கிற் செய்ததை எந்திரம் நொடியிற் செய்கிறது. ஆயின் அதற்கு ஊட்டப்படும் எண் எங்கோ ஒரு மருந்துச் சாலையில், ஒரு வைத்தியரின் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. மலேரியாவைப் பொறுத்தவரையில் அக்கேள்வி மிகச் சிறியது: ‘அண்மையில் வெளிநாடு போனீர்களா?’ இளம் வைத்தியர்கள் மலேரியா நோயாளர் ஒருவரையும் காணாமலே கல்வி முடிப்பதால், கேட்க மறப்பதும் உண்டு.

மறந்தால், நாமே சொல்லலாம். காசிக்கோ கயாவுக்கோ சென்னைக்கோ ஆபிரிக்காவுக்கோ சென்று மீண்டவர், மீண்டு சில மாதங்களுக்குப் பிறகாயினும் காய்ச்சல் கண்டால், சென்ற இடத்தை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். ஒரு வகைக் கிருமி ஈரலில் மறைந்து கிடந்து, மாதங்கள் கழித்தும் எழக்கூடியது. ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தால் விடை தெரியும்.

வடபகுதி இல்லத்தரசியருக்கு இன்னுமொன்று. சுகாதாரப் பரிசோதகர் படலையில் வந்து நின்று கிணற்றை எட்டிப் பார்க்கக் கேட்டால், தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். சுத்தமான தண்ணீரையே அவரும் தேடி வந்திருக்கிறார். கயிற்றில் வாளியை இறக்கி, மேலே எடுத்த நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி அவர் நெடுநேரம் உற்றுப் பார்ப்பார். நீர் மட்டத்துக்குச் சமாந்தரமாக மிதக்கும் குடம்பி ஏதும் உண்டா என்பதே அவர் பார்ப்பது. இருந்தால், குடம்பி தின்னும் சிறு மீன்கள் சிலவற்றைக் கிணற்றில் விட்டு, தம் கொப்பியில் ஒரு கோடு கிறுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த மீன்களைப் பிள்ளைகள் தூண்டில் போட்டுப் பிடிக்காமற் பார்த்துக்கொள்வது தாய்மாரின் பொறுப்பு.